ரீசெட்டா, பழைய விண்டோஸா, டிரைவரா?

விண்டோஸ் 10ஐ விட்டு 11க்கு மாறிய மறுநாளே என் லேப்டாப்பில் இணையம் படுத்துவிட்டது. அதே மேசையில், அதே வைஃபையில் போன் பாய்கிறது. லேப்டாப் மட்டும் நொண்டுகிறது. முதலில் இணைப்பு தரும் நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். அது அநியாயம் என்று பிறகுதான் தெரிந்தது. இந்தக் கோளாறுக்கு மூன்று வைத்தியம் உண்டு: நெட்வொர்க் ரீசெட், பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போவது, வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளை, கையால் மாற்றுவது. என்னுடையதிலும் வீட்டில் இருந்த மற்ற லேப்டாப்களிலுமாக மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். நான் டிரைவர் கட்சி.

ரவுட்டரை அணைத்துப் போடுவது, விபிஎன்னை நிறுத்திப் பார்ப்பது எல்லாம் முடிந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பொறுத்தும் பாருங்கள். மாறிய கையோடு விண்டோஸ் பின்னணியில் அப்டேட்களை இழுத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியைப் பார்த்தால் யார் தின்கிறார்கள் என்று தெரியும். யாரும் தின்னவில்லை, ஆனாலும் வேகம் இல்லை என்றால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

வைத்தியத்தைத் தேர்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ப்ரோட்டோகால், பேண்ட், லிங்க் ஸ்பீட் (லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம்), டிரைவர் வெர்ஷன் எல்லாம் வரிசையாக இருக்கும். என்னுடையதில் வைஃபை 4, 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டோ இரண்டு ஆன்டெனா உள்ள, அடுத்த தலைமுறை வைஃபை 5. ரவுட்டருக்குப் பக்கத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸில் 866 காட்ட வேண்டியது. அந்த 72 தற்செயலாக வந்த எண் அல்ல. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஆன்டெனா மட்டும் பேசினால் வைஃபை 4க்கு அதுதான் உச்சம். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலேயே பேச்சு இவ்வளவு மெதுவாக நடக்கும்போது, வெளியே எத்தனை பெரிய இணைப்பு வாங்கி என்ன பயன்? போன் அதே இடத்தில் நன்றாக ஓடுவதால் சிக்னலையும் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது கார்டும் டிரைவரும்தான்.

நெட்வொர்க் ரீசெட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரே பொத்தான். எல்லா அடாப்டர்களையும் நீக்கி, திரும்ப நிறுவி, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும். லிங்க் ஸ்பீட் சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கத் தயங்கினால் நானும் முதலில் இதைத்தான் அழுத்துவேன். கோணலாகிப்போன டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் ஏற்பாடு), பழைய விபிஎன் விட்டுப்போன எச்சம் போன்றவை இதில் தீரும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கலாம். ஆனால் அடாப்டரை நீக்கினாலும் கணினிக்குள் இருக்கும் அதே டிரைவரைத்தான் இது மறுபடி போடுகிறது. என் 72 அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பழைய விண்டோஸுக்குத் திரும்புவதில் ஒரு நிம்மதி உண்டு, மறுக்க மாட்டேன். நாளைக் காலை அவசர வேலை இருக்கிறது, மண்டையை உடைத்துக்கொள்ள நேரமில்லை என்றால் போய்விடுங்கள். மாறியதிலிருந்து 10 நாள் அவகாசம். அந்த 10 நாளுக்குள் ஒரு கட்டளை கொடுத்தால் 60 நாள் வரை நீட்டிக்கலாம். உங்கள் கோப்புகள் இருக்கும், மாறிய பிறகு நிறுவிய மென்பொருள்கள் இருக்காது. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்திருந்தால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். சரி, திரும்பினீர்கள். அப்புறம்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என்றாவது மறுபடி மாறத்தான் வேண்டும். அன்றைக்கும் அதே டிரைவரைக் கட்டிக்கொண்டு மாறினால் அதே கோளாறுதான் காத்திருக்கும்.

இனி டிரைவர். குற்றவாளி என் சோம்பேறித்தனம்தான்: லேப்டாப் வாங்கிய நாளில் இருந்த டிரைவரை அதுவரை தொட்டதே இல்லை. டிவைஸ் மேனேஜரில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பேக்’ பொத்தானைத்தான் முதலில் தேடுவோம். மாறிய புதிதில் அது பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். அதோடு கைவிட்டுவிட வேண்டாம். ‘அப்டேட் டிரைவர்’ போய், கணினியிலேயே தேடு என்று சொல்லி, பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்றால், உள்ளே கிடக்கும் வேறு வெர்ஷன்கள் தலைகாட்டும். சில நேரம் அதில் ஒன்றே போதும். எனக்குப் போதவில்லை.

புதிதாக இறக்குவது என்றால், இன்டெல் கார்டுக்கு இன்டெல் பக்கமே நேர்வழி. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் ஒரே தொகுப்பு கிடைக்கும். மற்ற பல கார்டுகளுக்கு லேப்டாப் நிறுவனத்தின் பக்கம்தான் கதி. கோப்பை முதலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் பழையதை நீக்க வேண்டும். இல்லையென்றால் வைஃபை இல்லாத லேப்டாப்பில் வைஃபை டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நீக்கும்போது டிரைவரையும் அழிக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். முதல் முறை நான் அதை விட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் பழையதே பல்லிளித்துக்கொண்டு வந்து நின்றது. இரண்டாம் முறை டிக் போட்டு நீக்கி, புதியதை நிறுவினேன். 5 ஜிகாஹெர்ட்ஸ், 866.

இந்த வழிக்குள்ள ஒரே தலைவலி பராமரிப்பு. கையால் போட்ட டிரைவர் மேல் விண்டோஸ் அப்டேட் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கலாம். ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்று தேடி, தானாக இறக்குவதற்கு ‘நோ’ சொல்லலாம். ஆனால் அது மற்ற சாதனங்களுக்கும் சேர்த்து என்பதால், அப்புறம் பிரிண்டரோ வேறெதுவோ மாட்டினால் அதற்கான டிரைவரை நீங்களே தேட வேண்டும். நான் அதைத் தொடவில்லை. நல்ல வெர்ஷனின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், பெரிய அப்டேட் வந்த நாளில் லிங்க் ஸ்பீடை ஒரு பார்வை பார்க்கிறேன். இனி விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றிவிட்டால் ரோல் பேக் பொத்தானும் உயிரோடு இருக்கும், ஒரே சொடுக்கில் வேலை முடியும். மற்ற இரண்டு வழிகளில் இந்தக் கண்காணிப்பு இல்லைதான். ரீசெட்டில் கோளாறு திரும்பினால் எல்லா பாஸ்வேர்டையும் மறுபடி அடிக்க வேண்டும். பழைய விண்டோஸில் ஒத்திப்போட்ட வேலை அப்படியே நிற்கும். வருடத்துக்குச் சில நிமிடம் கண்காணிப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

லினக்ஸில் எனக்குப் பழக்கம் கொஞ்சம்தான். அங்கே அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனபோது, கணினி எழும்பும்போது வரும் மெனுவில் முந்தைய கெர்னலை (டிரைவர்களும் பெரும்பாலும் சேர்ந்து வரும் லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தேன், சரியாகிவிட்டது. ஒரே ஒரு முறை என்பதால் அதை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகுவது நான்காவது வழி. கார்டே பழுது என்று உறுதியானால் பார்க்கலாம்.

அந்த டிரைவர் கோப்பை நான் அழிக்கவில்லை. இதுவரை இரண்டு முறை திரும்பத் தேவைப்பட்டது. ஒரு முறை எனக்கு, ஒரு முறை அதே மாடல் வைத்திருக்கும் தம்பிக்கு.