உரித்த மணிலாப் பயறு (நிலக்கடலைப் பருப்பு) மூட்டையாக வாங்குபவர்கள் கவனத்துக்கு

செக்கில் ஆட்டலாம் என்று குடியாத்தம் பக்கத்து மண்டி ஒன்றில் எடுத்த 50 கிலோ உரித்த மணிலாப் பயறு, மாதம் திரும்புவதற்குள் பூசணம் பிடித்துவிட்டது. மேலே ஒரு சாண் வரைக்கும் நல்ல பயறு. அதற்குக் கீழே கை விட்டால் மூட்டைக்குள் சூடு. பயறு ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக வருகிறது, மேலெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் தூள். மண்டியில் கேட்டதற்கு, "நீங்க ஈரத்துல வெச்சிருப்பீங்க" என்ற ஒரே பதில்தான். பில் கிடையாது, துண்டுச்சீட்டு.

சாக்கின் அடியும் வெளிப்பக்கமும் காய்ந்தே இருந்தன. ஈரம் உள்ளேயே வந்தது. காய் உடைக்கும் மிஷினில் போடுமுன் தண்ணீர் தெளிப்பது வழக்கம். பயறு இரண்டாகப் பிளக்காது, எடையும் நிற்கும். தெளித்ததைத் திரும்பக் காயவைத்தால் பரவாயில்லை. காயவைக்காமல், உள்ளே பிளாஸ்டிக் பை போட்ட சாக்கில் கட்டி அனுப்புவதுதான் அயோக்கியத்தனம். உரித்த பயறில் ஈரம் சுமார் 7 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏற ஏற, நம்ம ஊர் வெக்கையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூசணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். ஆடிப்பட்டத்து மானாவாரிக் காய் ஐப்பசி மழையில்தான் பிடுங்கப்படுகிறது. அப்போது வரும் சரக்கில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

வாங்கும்போது வாய்ப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை. பல்லில் வைத்துக் கடித்தால் 'படக்' என்று உடைய வேண்டும், ரப்பர் மாதிரி அமுங்கக் கூடாது. பத்திருபது பயறைப் பிளந்து உள்குழியைப் பாருங்கள். மேல்தோல் சுத்தமாக இருந்தும் அங்கே பூசணம் ஒளிந்திருக்கும். காய்ந்த உப்போடு பாட்டிலில் போட்டுக் குலுக்கும் சோதனை சோளத்துக்குச் சரி. 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்தான் உப்பு கண்ணாடியில் ஒட்டும் என்பதால் மணிலாவுக்கு அது உதவாது.

கெட்டதைக் காயவைத்து, புடைத்து, வறுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பூசணத்தைத் துடைத்தாலும் நஞ்சு பயறுக்குள்ளேயே இருக்கும். வறுக்கிற சூட்டில் முழுசாக அழியாது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமானது அது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பே கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். செக்கில் ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், மிச்சம் கசடோடு எண்ணெயில் வரும். அந்தப் புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும். கோழிக்கும் போடாதீர்கள். குழி தோண்டிப் புதைப்பதுதான் வழி.

அடுத்த முறை 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். 14 நாளில் அறிக்கை தர வேண்டும். ஆனால் சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாதிரியும் ஒரே இடத்தில் அள்ளியதாக இருக்கக் கூடாது. நஞ்சு ஒருசில பயறில்தான் குவிந்திருக்கும், ஒரு கைப்பிடி தப்பித்துவிடலாம். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, துணிப்பையில் கட்டிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே பூசணம் கூடிவிடும், கடைக்காரர் அதையே சாக்காகச் சொல்வார்.