குவார்ட்டர்பேக் விவாதத்துக்கு ஏற்ற சாட்ஸ்வொர்த் உணவகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமை மாலைகளில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பெரிய திரையில் காட்டும் இந்தச் சிறு உணவகத்தை, தொடக்க குவார்ட்டர்பேக்காக (அணியின் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவராக) யாரை இறக்குவது என்று வாதிட விரும்புவோருக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். 2018 ஜனவரியில் நடந்த தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியின் இடைவேளையில் அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் நிக் சேபன், தொடக்க குவார்ட்டர்பேக்கான ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவை இறக்கி, ஜார்ஜியாவைக் கூடுதல் நேரத்தில் 26-23 என வென்றது இங்கே இன்றும் சூடாகப் பேசப்படுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயமடைந்தபோது, ஹர்ட்ஸ் வந்து அதே ஜார்ஜியாவை வீழ்த்தினார். ஆகவே காத்திருக்கும் ஆட்டக்காரரின் பொறுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பை நிரப்பிய டர்பன் உணவு) மிக நன்று. குழம்பு அடிவரை ஊறியும் ரொட்டியின் ஓரம் உடையவில்லை. ஒலியைக் கூட்டத்தான் தயங்குகிறார்கள்; வர்ணனை காதில் விழாவிட்டால், ஆட்டக்காரரை ஏன் மாற்றினார்கள் என்பதே விளங்குவதில்லை.