சரக்கு ரயிலின் கடைசியில் கார்டா, கருவியா?

சரக்கு ரயிலில் கார்டு பயணிக்கும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனை எடுத்துவிட்டு, வண்டியின் வால் நிலையை இன்ஜினுக்குத் தெரிவிக்கும் ஈஓடிடி (End of Train Telemetry) கருவியைக் கடைசி வேகனில் பொருத்தலாமா என்று பணியாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, கார்டு இருந்தாக வேண்டும் என்றே எழுதிக் கொடுத்தேன். 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று அழைக்கப்படும் அந்தப் பணியைச் செய்தவன் என்பதால், என் சாய்வு இதில் உண்டு.

கருவியின் நன்மைகள் வெளிப்படையானவை. பிரேக் வேனின் இடத்தில் இன்னொரு வேகனைச் சேர்க்கலாம். ஆள் செலவும் குறையும். கடைசி வேகனின் பிரேக் குழாய் அழுத்தத்தை அது ரேடியோ வழியாக இன்ஜினுக்குத் தெரிவித்துக்கொண்டே இருப்பதால், வேகன்களை இணைக்கும் கப்ளிங் அறுந்து வண்டி இரண்டானால் மனிதக் கண்ணைவிட அதுவே முந்திக்கொள்ளும்.

ஆனால் வண்டி தடம்புரண்டு பக்கத்துப் பாதையையும் அடைத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்த கேள்வி. அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் (தண்டவாளத்தில் வைக்கும், சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிக்கும் சிறு வெடி), 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைத்து வரும் வண்டிகளைத் தடுக்க வேண்டும் என்பது விதி. லோகோ பைலட் இன்ஜினை விட்டு இறங்கிச் செல்ல முடியாது. உதவி லோகோ பைலட் எதிர்த்திசை வண்டியைத் தடுக்க முன்னால் ஓடுவார். பின்பக்கம் யார் போவது? 58 வேகன்கள் கொண்ட வண்டி ஏறத்தாழ 650 மீட்டர் நீளம். முன்னால் போன அதே ஆள் திரும்பி வந்து, வண்டி நெடுகக் கடந்து, பின்னால் இன்னும் 1200 மீட்டர் செல்வதென்றால், ஜல்லியின் மேல், ஒருவேளை நள்ளிரவில், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சென்னை–அரக்கோணம் போல ஒரே திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உள்ள தடத்தில், பின்னாலிருந்தும் பக்கத்துப் பாதையில் வண்டி வரும். கார்டு இருந்தால் அவர் இறங்கிய இடமே வண்டியின் வால். உடனே நடக்கத் தொடங்கலாம். வண்டி இரண்டாகி பின்பாதி சரிவில் நின்றால், பிரேக் வேனின் கைப்பிரேக்கைச் சுற்றி அதை நிறுத்தி வைப்பவரும் அவரே.

ஆள் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். கனடாவின் ஹின்டனில் 1986 பிப்ரவரியில் சரக்கு ரயில் சிவப்புச் சிக்னலைத் தாண்டிப் பயணி ரயிலில் மோதி 23 பேர் இறந்தபோது, சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கண்டக்டர் (நம் கார்டு போன்றவர்) இருந்தும் அவசர பிரேக் போடப்படவில்லை. 2024 ஜூனில் மேற்கு வங்கத்தின் ரங்காபானி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் சரக்கு ரயில் மோதியபோது, அந்த எக்ஸ்பிரஸின் கார்டும் உயிரிழந்தார். பின்னால் இருப்பவர் ஏற்கும் ஆபத்து மிகப் பெரியது. அதே சமயம், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் 1996 பிப்ரவரியில் சரக்கு ரயில் கட்டுப்பாடிழந்து ஓடியபோது, பின்னாலிருந்து பிரேக் போட உதவும் கருவி வண்டியில் இருந்தும் பயன்படாமல் போய், பணியாளர் இருவர் மாண்டனர்.

கருவி பொருத்திய வண்டியில் நான் நெடுநாள் ஓடியதில்லை. மலைப்பாதைகளில் ரேடியோத் தொடர்பு எப்படி நிற்கும் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். என் வாக்கு, கருவியையும் பொருத்தி, கார்டையும் வைத்துக்கொள்வதற்கே. கார்டை எடுத்தே தீர வேண்டுமென்றால், பின்பக்கப் பாதுகாப்பு யார் பொறுப்பு என்பதை முதலில் விதிப்புத்தகத்தில் எழுதிவிட்டு எடுக்கட்டும்.