மாடிப்படி ஜன்னலுக்கு டிஃபனி பாணியா, ரைட் பாணியா?
சிகாகோ பக்கம் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், மாடிப்படி திரும்பும் இடத்து ஜன்னலில் வெறும் கண்ணாடிதான் இருந்தது. அங்கே அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் டிஃபனியின் பாணியில் பூவும் இயற்கைக் காட்சியுமான வண்ணக் கண்ணாடியா, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் பாணியில் நேர்கோட்டு வடிவங்களா என்று ஒரு வருடம் யோசித்து, கடைசியில் ரைட் பக்கம் போனோம்.

அழகு என்று பார்த்தால் டிஃபனிதான். அவர் பயன்படுத்தியது, ஜான் லா ஃபார்ஜ் என்ற ஓவியர் 1880இல் காப்புரிமை பெற்ற, வண்ணங்கள் கலந்து மங்கலாக ஒளிவிடும் பால்நிறக் கண்ணாடி. அதில், தூரிகை படாமலே வானமும் நீரும் வந்துவிடும். பாஸ்டன் மாளிகை ஒன்றின் மாடிப்படிக்காக டிஃபனி கூடத்தில் 1923-24இல் செய்த இலையுதிர்கால ஜன்னல் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது நானே தடுமாறினேன்.

ஆனால் பராமரிப்பு? காட்சிக்கு ஆழம் கிடைக்க, கண்ணாடியை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். எடை ஏறும். இடுக்கில் தூசி புகுந்தால் வெளியிலிருந்து துடைத்துப் பயனில்லை, பிரித்துத்தான் ஆகவேண்டும். துண்டுகளை இணைத்துத் தாங்குவதோ ஈயப் பட்டை. மெத்தென்ற உலோகம், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கியே தளர்ந்துபோகும். விற்பனைக்கு வந்த ஒரு பழைய ஜன்னலைப் பார்த்தோம்; நடுவில் இரண்டு விரற்கடை புடைத்திருந்தது. அதைச் சரிசெய்வதென்றால் துண்டு துண்டாகக் கழற்றிப் புது ஈயத்தில் கட்ட வேண்டும்.

ரைட் தன் வீடுகளில் பெரும்பாலும் துத்தநாகப் பட்டையை வைத்தார். சிகாகோ ராபி வீட்டிலும் பஃபலோவின் டார்வின் மார்ட்டின் வீட்டிலும் பார்க்கலாம். அது விறைப்பானது, எளிதில் வயிறு தள்ளாது. கண்ணாடியும் ஒற்றை அடுக்குதான், ஈரத்துணி போதும். பெரும்பகுதி தெளிந்த கண்ணாடி என்பதால் எங்கள் மேப்பிள் மரமும் கோடுகளுக்கு நடுவே தெரிகிறது.

குறையும் உண்டு. துத்தநாகம் லேசில் வளையாது. பூவும் கொடியும் வேண்டுமென்றால் ஈயம்தான். நடுவில் ஒரு துண்டு உடைந்தால், ஈயத்தை மடக்கித் திறப்பதுபோல இதைத் திறக்க முடியாது. எங்களுடையது ஆறு குளிர்காலம்தான் கண்டிருக்கிறது, இன்னும் எதுவும் உடையவில்லை. அதனால் பழுதுச் செலவைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பக்கத்து வீடு ஒட்டி இருந்தால், மறைப்புக்காகவே பால்நிறக் கண்ணாடி மேல்.

அப்புறம், எதை வைத்தாலும், வெளியே பாதுகாப்புக் கண்ணாடி போடுபவரிடம் காற்றோட்டத்துக்கு வழி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெப்பமும் ஈரமும் நடுவில் தேங்கி, பட்டையைத்தான் முதலில் கெடுக்கும்.