மகளைத் தூக்கி நடந்தால் கணக்கில் வராது

மச்சினன் நேற்று ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். "மாமா, நீங்க கையில கட்டியிருக்கிற அதே ஃபிட்னஸ் பேண்ட் 1,799க்கு வந்திருக்கு, வாங்கட்டுமா?" நான் 14 மாதத்துக்கு முன் 2,999 ரூபாய் கொடுத்து வாங்கியது. அந்த வயிற்றெரிச்சலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

பேட்டரி இன்றும் எட்டு நாள் தாங்குகிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. கொக்கி உடைந்து போன மாதம் ஸ்ட்ராப் மாற்றியதைத் தவிர வேறு செலவு இல்லை. என் சண்டையெல்லாம், எத்தனை அடி எடுத்து வைத்தேன் என்று அது எண்ணிச் சொல்லும் ஸ்டெப் கணக்கோடுதான்.

வாங்கிய புதிதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கோவை ரேஸ்கோர்ஸில் கை வீசி நடந்த காலம் அது. அப்புறம் மகள் பிறந்தாள். ஒருநாள் இரவு பத்தரைக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நடந்தேன். கால் வலிக்க இறங்கி வந்து பார்த்தால் 212 ஸ்டெப். மறுநாள் உட்கார்ந்த இடத்தில் சப்பாத்தி மாவு பிசைந்தேன், 340 ஏறியிருந்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "ரீசெட் பண்ணிப் பாருங்க சார்." பண்ணினேன். ஏற்கெனவே சேர்ந்திருந்த கணக்கு போனதுதான் மிச்சம்.

சரி, நாமே பார்ப்போம் என்று பாக்கெட்டில் பத்துப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். நூறு அடி எடுத்து வைத்ததும் ஒரு கொட்டை மறு பாக்கெட்டுக்குப் போகும். ஆயிரம் அடி கை வீசி நடந்தால் பேண்ட் 984 என்றது. குறை சொல்ல முடியாது. பேண்ட் கட்டிய கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தால் 640. மகளை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் 170! பீளமேட்டிலிருந்து காந்திபுரத்துக்கு ஸ்கூட்டரில் போனபோது, தோண்டிப் போட்ட சாலையின் புண்ணியத்தில், நடக்காமலே 400க்கு மேல்.

விஷயம் இவ்வளவுதான். இந்தக் கருவிக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் மணிக்கட்டு எப்படி அசைகிறது என்று பார்க்கிறது. சீரான ஆட்டம் தெரிந்தால் நடை என்று எழுதிக்கொள்கிறது. பொய்க் கணக்கு ஏறாமல் இருக்க, பல பேண்ட்கள் தொடர்ந்து பத்து அடி போல நடந்த பிறகுதான் எண்ணவே தொடங்கும். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நாள் முழுக்க நடக்கும் என் மனைவியின் கணக்கு ஏன் அவ்வளவு குறைவு என்பதும் அப்போதுதான் புரிந்தது. பத்தாயிரம் ஸ்டெப் என்ற இலக்கைப் பரப்பியதே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மான்போ-கெய் என்ற கருவிதான். அதை இடுப்பில் மாட்டுவார்கள். பிள்ளையைத் தூக்கினாலும் இடுப்பு ஆடத்தானே செய்யும்! அதைக் கொண்டுபோய் மணிக்கட்டில் கட்டிவிட்டு முன்னேற்றம் என்கிறார்கள்.

என் பக்கமும் தப்பு இருந்தது, மறைக்கவில்லை. ஆப்பில் உயரம் 152 என்று கிடந்தது. முதலில் செட் பண்ணிய மனைவி தன் உயரத்தைப் போட்டிருக்கிறாள். நான் 170. ஸ்டெப் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் உயரத்தை வைத்துத்தான் ஒரு அடியின் நீளத்தை ஆப் ஊகிக்கிறது. ரேஸ்கோர்ஸில் இரண்டரை கிலோமீட்டர் சுற்றி வந்தால் இரண்டேகால் என்று காட்டிய மர்மம் அதோடு தீர்ந்தது. வலது கை, இடது கை எது என்ற செட்டிங்கும் தப்பாக இருந்தது. மாற்றிய பிறகு மாவு பிசைந்தால் ஏறுவது பாதியாகக் குறைந்தது. சில நாள் கணக்கு திடீரென்று எகிறியதற்குக் காரணம், போனில் இருந்த வேறொரு ஆப் போனின் எண்ணிக்கையையும் பேண்டின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டியது. ஒன்றை நிறுத்திவிட்டேன்.

ஸ்ட்ரோலருக்கும் தோளுக்கும் மட்டும் எந்த செட்டிங்கும் உதவவில்லை. கடைசியில் பேண்டைக் கழற்றிக் கணுக்காலில், சாக்ஸுக்குள் செருகினேன். ஆயிரத்துக்கு 960 வந்துவிட்டது. இதயத் துடிப்புக்கு எண் வராமல் வெறும் கோடுதான் வருகிறது, போகட்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கொலுசா?" என்று கேட்டார். அதுவும் போகட்டும்.

மச்சினனுக்கு என்ன சொல்வது? அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கை வீசித்தான் நடக்கிறான். நியாயமாகப் பார்த்தால் 1,799க்கு இது நல்ல பேண்ட். ஆனாலும், "வேண்டாம்டா, வாங்காதே" என்றுதான் பதில் போட்டேன். போட்டுவிட்டு, கணுக்காலுக்கு எட்டுகிற மாதிரி நீளமான ஸ்ட்ராப் ஒன்று எனக்கு ஆர்டர் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரும்.