அறுவைத் தழும்பின் மேல் பச்சை குத்துவதா, தோல்நிற மை இடுவதா, மருத்துவம் பார்ப்பதா?

குடல்வால் வெடித்ததால் 9 ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் என் வயிற்றை அவசரமாகத் திறக்க வேண்டியதாயிற்று. தொப்புளை ஒட்டி மேலிருந்து கீழாக இறங்கும் அந்தத் தழும்பு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். உயிரைக் காப்பாற்றிய கீறல் என்பதால் அதன்மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆயினும் குளித்து உடை மாற்றும்போதெல்லாம் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கிறது. அதன்மேல் ஒரு கொடியைப் பச்சை குத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் கடந்த ஆண்டு வந்தது. அதை ஆராயத் தொடங்கியபோது, பச்சை குத்துவதற்குப் போட்டியாக வேறு இரு வழிகள் இருப்பதும், மூன்றும் மூன்று வேறு குறைகளுக்கானவை என்பதும் தெரிந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்பதால், இந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்திருப்போர் நம்மிடையே நிறையப் பேர் இருக்க வேண்டும்.

தழும்பில் நம்மை உறுத்துவது எது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சிலரை அதன் மேடு உறுத்தும், சிலரை நிறம் உறுத்தும், சிலரை அது கிளறும் நினைவு உறுத்தும். பச்சை குத்துவது மூன்றாவதற்கு நல்ல மருந்து, இரண்டாவதற்கு ஓரளவு மருந்து, முதலாவதற்கு மருந்தே அன்று. எவ்வளவு திறமையாக வரைந்தாலும் மேடு மேடாகவே இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஓவியத்துக்கு அடியிலிருந்து அது எழுந்து தெரியும். தோல்நிற மை நிறத்தை மட்டும் சரிசெய்ய முயல்கிறது. சிலிகோன், ஊசிமருந்து, லேசர் ஆகியவை மேட்டையும் சிவப்பையும் குறைக்கின்றன. ஆனால் தழும்பை முற்றிலும் இல்லாமல் ஆக்குவதில்லை.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் தழும்பு எதனால் ஆனது என்பது தெரிந்திருக்க வேண்டும். இயல்பான தோலில் கொலாஜன் என்னும் புரத இழைகள் கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் அவை ஒரே திசையில் நெருக்கமாகப் படுத்திருக்கும்; அங்கே மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் இரா. முழுமையாக முற்றிய பிறகும் தழும்பின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் எட்டும். முற்றுவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும்; சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். சிவந்தும் அரித்தும் இருக்கும் தழும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற தழும்பு. அதன்மேல் ஊசி இறக்கினால், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் மீண்டும் புண் ஏற்படுத்துகிறோம் என்று பொருள்.

நம் தோலுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. என் கருத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டியது அதுவே. காயத்தின் எல்லையைத் தாண்டி நண்டுக் கால்போல் பக்கங்களில் பரவி வளரும் தடித்த தழும்பைக் கீலாய்டு என்கிறார்கள். எல்லைக்குள்ளேயே தடித்து, காலப்போக்கில் சற்றுத் தணியும் தழும்பு வேறு. அது இந்த அளவுக்கு அஞ்சத்தக்கதன்று. கருமை மிகுந்த தோலுடையோருக்குக் கீலாய்டு வெள்ளையரைவிட அதிகமாக வருகிறது. நெஞ்சின் நடுப்பகுதி, தோள், மேல்முதுகு, காதுமடல் ஆகியவை அது விரும்பித் தங்கும் இடங்கள். காது குத்திய இடத்திலோ, தடுப்பூசி போட்ட தோளிலோ, முகப்பரு ஆறிய இடத்திலோ யாருக்கேனும் அப்படி வளர்ந்திருந்தால், அவர் பச்சை குத்துவதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட வேண்டும் என்பேன். ஊசி ஒவ்வொரு முறை இறங்குவதும் ஒரு சிறு காயம்தான். பெரிய ஓவியம் என்பது பல்லாயிரம் சிறு காயங்கள். கீலாய்டை வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு: வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்தால் அது திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 விழுக்காடு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சொரியாசிஸ், வெண்புள்ளி உடையவர்களுக்கும் இதேபோன்ற எச்சரிக்கை உண்டு. காயம்பட்ட கோட்டின் வழியே அந்நோய்கள் புதிதாக வெளிப்படக்கூடும்.

இந்தத் தடையெல்லாம் இல்லாதவர்களுக்கு அலங்காரமாகப் பச்சை குத்துவது நல்ல வழியே. ஆனால் அது வெறும் தோலில் குத்துவதைப் போன்றதன்று. மை தங்குவது மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோலில். அங்குள்ள விழுங்கு செல்கள் மையின் துகள்களை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான் படம் பல ஆண்டுகள் அழியாமல் நிற்கிறது. தழும்பில் அந்த அடித்தோலின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். மெலிந்த இடத்தில் ஊசி சற்று ஆழமாக இறங்கினாலும் மை கீழே பரவி, கோட்டின் ஓரம் ஈரத்தாளில் பேனா ஊறியதுபோல் கலங்கிவிடும். இறுகிய இடத்தில் மை பிடிக்காமல் திட்டுத்திட்டாக வெளிறும். ஆகவே தழும்பின் மேல் வேலை செய்து பழகிய கலைஞர் மெதுவாகச் செய்வார், ஒரே அமர்வில் முடிக்க மாட்டார், இரண்டாம் முறை நிரப்பவேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். “ஒரே நாளில் முடித்துவிடலாம்” என்று சொல்பவரிடமிருந்து விலகுவது நல்லது. வலியும் ஒரே சீராக இராது. நரம்பு அறுபட்ட பகுதி மரத்துப்போயிருக்கும். அதற்கு ஒரு விரற்கடை தள்ளிய இடமோ தொட்டாலே சுரீர் என்னும்.

எந்த ஓவியம் என்பதும் இங்கே அழகை மட்டும் பொறுத்த முடிவன்று. நேர்க்கோடுகளும் வடிவக்கணிதக் கோலங்களும் முகங்களும் தழும்பைக் காட்டிக்கொடுக்கும்; ஏனெனில் ஒரு நூலளவு வளைந்தாலும் அவற்றில் பிழை கண்ணுக்குத் தெரியும். இலை, கொடி, இறகு, அலை போன்ற ஒழுங்கற்ற வடிவங்கள் மேடுபள்ளத்தைத் தமக்குள் வாங்கிக்கொள்ளும். தழும்பை முழுவதும் கருமையால் மூட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பக்கத்தில் வரைந்த உருவம் பார்ப்பவரின் கண்ணைத் தழும்பிலிருந்து இழுத்துச் சென்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தவை, தழும்பின் மேல் பாதியும் பக்கத்துத் தோலில் பாதியுமாக ஓடும் ஓவியங்கள்தாம். முற்காலத்தில் ஊர் ஊராக வந்து பச்சை குத்திய குறத்திகள் முழங்கையிலும் புறங்கையிலும் இட்ட புள்ளிக்கோலங்களைப் பாட்டிகளின் கைகளில் பார்த்திருக்கிறோம். புள்ளிகளுக்கு இடையே வெற்றுத் தோலை விட்டுவைக்கும் அந்த முறை, தழும்புக்கும் நன்றாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடலின் எந்த இடம் என்பதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறுகிறது. 1900-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபன்னன்ஸ்டீல் விவரித்த, அடிவயிற்றின் குறுக்கே போடப்படும் கீறலே இன்று பெரும்பாலான சிசேரியன்களுக்குப் பயன்படுகிறது. அந்தத் தழும்பு தாழ்வாக, மடிப்பில் மறைவதால் மேலே பூங்கொடி வரைவதற்கு வாகானது. ஆனால் இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் காத்திருப்பதே நல்லது. வயிறு விரியும்போது படமும் விரியும், மீண்டும் சிசேரியன் ஆனால் கத்தி பெரும்பாலும் அதே கோட்டின் வழியே போகும். என்னுடையதைப் போன்ற நடுவயிற்றுத் தழும்பில் வேறொரு சிக்கல் உண்டு. நடுவயிற்றைத் திறந்தவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பிற்காலத்தில் தையலிட்ட இடத்தில் குடலிறக்கம் ஏற்படுகிறது. இருமும்போது தழும்பின் ஓரம் புடைக்கிறதா என்பதை அறுவை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்த பிறகே வரைய வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து வரைந்த கொடியைப் பிறகு கத்தி இரண்டாகப் பிளக்கும். இதய அறுவைக்குப் பின் நெஞ்செலும்பின் மேல் நிற்கும் தழும்பைக் குறித்து நான் மிகவும் தயங்குகிறேன். கீலாய்டுக்கு அதைவிடத் தோதான இடம் உடலில் அரிது. தோல் புற்றுக்காக மச்சமோ கட்டியோ அகற்றிய இடத்தில் பச்சை குத்தவே கூடாது. நோய் திரும்பினால் முதல் அடையாளம் அந்தத் தோலில்தான் தெரியக்கூடும். அதை மையால் மறைப்பது மருத்துவரின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம்.

இரண்டாம் வழி, தோலின் நிறத்திலேயே மை தயாரித்து வெளிறிய தழும்பில் இடுவது. நம் நாட்டில் தோல் மருத்துவர்கள் நெடுநாள் மாறாமல் நிற்கும் வெண்புள்ளிகளுக்கு இதைச் செய்து வந்திருக்கிறார்கள். பூவும் கொடியும் வேண்டாம், தழும்பு தெரியாமல் போனால் போதும் என்பவர்களை இது உடனே ஈர்க்கும். மாநிறத் தோலில் இதன் மீது எனக்கு நம்பிக்கை குறைவு, காரணம் எளிது. நம் தோல் வெயிலில் கறுக்கும், மழைக்காலத்தில் வெளுக்கும். மை இரண்டும் செய்யாது. பொருத்தமாக இருந்த நிறம் கோடையில் வெளிறிய பட்டையாகத் தனித்துத் தெரியும். அதைவிடப் பெரிய குறை, பிடிக்காவிட்டால் அழிப்பது. தோல்நிற மைகளில் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் சேர்கின்றன. இவற்றின் மேல் லேசர் பட்டால் வேதி மாற்றம் நிகழ்ந்து வெளிர்நிறம் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறிவிடக்கூடும். சாதாரணக் கறுப்பு மையை லேசரால் அழிப்பது இதைவிட எளிது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

ஆனால் இதே நுட்பம் ஓரிடத்தில் மற்ற எல்லாவற்றையும் வென்று நிற்கிறது. மார்பகப் புற்றுக்காக மார்பகத்தை அகற்றி மறுசீரமைத்த பெண்களுக்கு, முலைக்காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் நிழலும் ஒளியும் சேர்த்து மையால் வரைகிறார்கள். தொட்டால் தட்டையாக இருக்கும். பார்த்தால் புடைத்திருப்பதாகவே தோன்றும். அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த வின்னி மையர்ஸ் என்ற பச்சை குத்தும் கலைஞர் இந்தப் பணிக்காகவே பெயர் பெற்றவர். மார்பக அகற்றத்துக்குக் காப்பீடு தரும் திட்டங்கள் மறுசீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் தர வேண்டும் என்று அந்நாட்டில் 1998-இல் சட்டமே இயற்றப்பட்டது. மறுசீரமைப்பு வேண்டாம் என்று தட்டையான நெஞ்சின் குறுக்கே மலர்க்கொடி வரைந்துகொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள்; இரண்டில் எது மேல் என்று வெளியிலிருந்து சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று நினைக்கிறேன். உடல்நலம் பற்றி மட்டும் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோல் மெலிந்தது, மெதுவாக ஆறுவது. ஆகவே சிகிச்சை அளித்த மருத்துவரின் இசைவு தேவை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால் அந்தக் கையில் குத்திக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். சிறு தொற்றுகூட வீக்கத்தைத் தொடங்கிவிடக்கூடும். மையின் துகள்கள் நிணநீர் முடிச்சுகளில் போய்த் தங்குவதால் பிற்காலப் பரிசோதனைப் படங்களில் அவை ஐயத்தைக் கிளப்பக்கூடும். பச்சை குத்தியிருப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதான மருத்துவ வழியைப் பற்றி இணையத்தில் ஆரவாரம் குறைவு. எனக்கோ அதுவே முதலில் வர வேண்டியதாகத் தோன்றுகிறது. காயம் முழுதாக மூடிய பின் சிலிகோன் தாளையோ களிம்பையோ நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதங்கள் வைத்திருப்பது, தடித்த தழும்புக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முதல் சிகிச்சை. வலியில்லை, ஊசியில்லை, பொறுமை மட்டும் வேண்டும். நம் ஊர் வியர்வையில் தாள் நழுவும் என்பதால் களிம்பே வசதி. அதற்கும் அடங்காத மேட்டுக்கு டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அரிப்பு விரைவில் அடங்கும், மேடு தணியும், ஆனால் சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுக்கக்கூடும். சிவப்புக்கு ஒரு வகை லேசரும் சொரசொரப்புக்கு வேறு வகை லேசரும் உண்டு. நம் நிறத்துக்கு லேசரின் ஆற்றல் சற்று மிகுந்தாலும் அந்த இடம் கறுத்துவிடும். ஆகையால் கருந்தோலில் அனுபவமுள்ள மருத்துவரைத் தேடுவதே பாதிச் சிகிச்சை.

பச்சை குத்தும் இடத்தில் ஊசி புதிதா, மைக்கிண்ணம் ஒருவருக்கு மட்டும்தானா என்று எல்லோரும் கேட்கிறார்கள்; மையை எதில் கரைக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. சாதாரணக் குழாய் நீரில் கரைத்த மையால் காசநோய்க் கிருமியின் உறவினர்களான கிருமிகள் தோலில் தொற்றி, பல மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பச்சை குத்தும் மைகளில் உள்ள ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு 2022 ஜனவரி முதல் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அந்த விதிக்கு இணங்கியது என்று புட்டியில் அச்சிட்டிருந்தால் அதைத் தேர்வது நல்லது.

என் தழும்பைப் பொறுத்தவரை, மூன்று வழிகளையும் ஒன்றுக்கொன்று எதிரியாக வைக்காமல் வரிசையாக வைத்தேன். நான்கு மாதம் களிம்பு பூசியதில் மேல்முனையில் இருந்த மேடு சற்றே தணிந்தது. குடலிறக்கம் இல்லை என்று அறுவை மருத்துவர் பார்த்துச் சொன்னார். தோல்நிற மையை வேண்டாம் என்று ஒதுக்கினேன். கொடியின் தண்டைத் தழும்புக்கு இடப்பக்கம் வரைவதென்றும், இரண்டு இலைகள் மட்டும் அதைக் கடந்து போவதென்றும் கலைஞருடன் பேசி முடிவுசெய்தோம். முதலில் பேனாவால் வரைந்து ஒரு வாரம் அப்படியே வைத்துப் பார்த்தேன். தழும்பின் கீழ்முனையில் உளுந்தளவில் ஒரு சோதனைப் புள்ளி இட்டு இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. மை பரவவில்லை, இதுவரை மேடும் எழவில்லை. மூன்று மாதம் நிறைந்த பிறகுதான் முதல் இலையைத் தொடுவதாகக் கலைஞர் சொல்லியிருக்கிறார்.