கரண்ட் போய் வந்த பிறகு எழுந்து நிற்கும் ஃபயர்வால்: ஓபன்சென்ஸ் பற்றி

ஃபயர்வால் (அலுவலக நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே நிற்கும் காவல் பெட்டி) விமர்சனம் என்றால் எத்தனை ஜிகாபிட் தாங்கும், எத்தனை விபிஎன் கொடுக்கும் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். சிவகாசியில் அச்சகங்களுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுக்கும் எனக்கு முதல் கேள்வி வேறு. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் இது தானாக எழுந்து வேலையைத் தொடங்குமா? தொடங்கவில்லை என்றால், ஏன் என்று பார்க்க வழி விடுமா?

இந்த இரண்டாவது கேள்வியில்தான் முன்பு வைத்திருந்த மூடிய பெட்டி எங்களைக் கைவிட்டது. எந்தப் பிரச்சினைக்கு போன் செய்தாலும் ஒரே பதில்: ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் பல நேரம் சரியாகத்தான் போகும். ஆனால் மெமரியில் இருந்த இணைப்புப் பட்டியல் அழிந்துவிடும், கோளாறின் தடயமும் அதோடு போய்விடும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்.

ஓபன்சென்ஸ் என்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் ஓடும் இலவச ஃபயர்வால் மென்பொருள். நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரித்து 2015 ஜனவரியில் வெளியிட்டது. நான் இதை இன்டெல் என்100 சிப், நான்கு இன்டெல் போர்ட், 8 ஜிபி ரேம் உள்ள விசிறி இல்லாத சின்னப் பெட்டியில் போட்டிருக்கிறேன். காகிதத் தூசி பறக்கும் இடத்தில் விசிறி இல்லாதது பெரிய நிம்மதி. இன்ஸ்டால் செய்யும்போது இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள். திடீர் மின்வெட்டை அது பழைய யூஎஃப்எஸ்ஸைவிட நன்றாகத் தாங்குகிறது. பெட்டி ஆன் ஆகும்போது வரும் பயாஸ் அமைப்பில், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படியும் வைத்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் அமைப்பு அது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பளபளக்கும் வெப் பக்கம் அல்ல. மானிட்டரைச் செருகி உள்ளே நுழைந்ததும் வரும் கறுப்புத் திரை மெனு. 0 முதல் 13 வரை எண்கள். 2 போட்டால் ஐபி முகவரியை மாற்றலாம், 7 பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது), 8 கமாண்ட் அடிக்கும் ஷெல், 10 ஃபயர்வால் லாக், 11 எல்லா சேவைகளையும் திரும்ப ஏற்றுவது, 13 பழைய அமைப்பை மீட்பது. முழு ரீஸ்டார்ட் 6. நெட்வொர்க் தெரியாத ஒருவரிடம் போனில் எண்ணைச் சொல்லி வேலை வாங்க முடியும்.

பொங்கல் விடுமுறைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போன ஒரு அச்சகத்தில், திறந்த அன்று காலை நெட் இல்லை. கணக்குப் பார்க்கும் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணுமே ஓப்பன் ஆகல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரவா?"

"வேண்டாம்க்கா, அப்படியே இருக்கட்டும். 7 அடிச்சு, 8.8.8.8-னு போடுங்க."

"பதில் வருது தம்பி."

"இப்ப அதே 7-ல கூகுள் பேரைப் போடுங்க."

"பேரு தெரியலங்குது."

லைன் இருக்கிறது, பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் இல்லை. 8 அழுத்தி, டேட் என்று அடிக்கச் சொன்னேன். "என்ன தம்பி, 2021-னு காட்டுது?" என்றார். பெட்டிக்குள் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. டிஎன்எஸ் வேலையைப் பார்க்கும் அன்பவுண்டில், பதில் போலியில்லை என்று டிஜிட்டல் கையெழுத்தை வைத்துப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை நான் எப்போதும் ஆன் செய்து வைப்பேன். தேதி பின்னால் இருந்தால் கையெழுத்துகள் இன்னும் நடைமுறைக்கே வராதவை என்று அது எல்லாப் பெயரையும் நிராகரிக்கும். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரும் பெயரில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கும் டிஎன்எஸ் வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து பெட்டி தானாக வெளியே வராது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே நிலைதான். அக்காவே தேதியை அடித்து, 11 போட்டார். நெட் வந்துவிட்டது. மாலையில் போய் பேட்டரியை மாற்றி, என்டிபி பட்டியலில் ஒரு சர்வரை ஐபி எண்ணாகவே சேர்த்தேன். நீங்களும் இன்றே சேர்த்துவிடுங்கள்.

ஐபி போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பிபிபிஓஇ லைன் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்ட்) அறுந்து புது ஐபி முகவரியோடு திரும்பினால் பிரவுசிங் ஓடும், போன் மட்டும் செத்துக் கிடக்கும். காரணம், போன் சில நொடிக்கு ஒருமுறை பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால் பழைய முகவரியோடு பதிவான ஸ்டேட் (ஃபயர்வால் வைத்திருக்கும் இணைப்புப் பதிவு) காலாவதியாவதே இல்லை. ரீஸ்டார்ட் தேவையில்லை. ஃபயர்வால் மெனுவில் டயக்னாஸ்டிக்ஸ் போய், ஸ்டேட்ஸ் பக்கத்தில் அந்த போனின் ஐபியைத் தேடி, அதை மட்டும் நீக்கினால் போதும். அட்வான்ஸ்டு அமைப்பில் டைனமிக் ஸ்டேட் ரீசெட்டை ஆன் செய்துவிட்டால் ஐபி மாறும்போது அதுவே பார்த்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. ரூட் பாஸ்வேர்டு மாற்றும் 3-க்கும் பவர் ஆஃப் செய்யும் 5-க்கும் நடுவே, எல்லா அமைப்பையும் துடைத்துப் புதிதாக இன்ஸ்டால் செய்த நிலைக்குக் கொண்டுபோகும் 4 இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் செய்கிறது என்றாலும் அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டும் தாளில் 4-ஐச் சிவப்பு மையால் அடித்து வைக்கிறேன். வருடத்துக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பெரிய பதிப்பு வருகிறது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்து ஆர்டர் குவியும் நேரத்தில், ஜூலைப் பதிப்புக்கு உடனே தாவுவதை நான் அனுமதிக்க மாட்டேன். 24.7 பதிப்பிலிருந்து வெப் பக்கத்திலேயே ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுக்கலாம். எடுத்துவிட்டு அப்டேட் செய்தால், கெட்டுப்போனாலும் பழையதில் பூட் செய்யலாம்.

கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் யாரும் இல்லாத அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலவசப் பதிப்பை எடுத்தால், பராமரிப்புக்கு ஒருவரை நீங்களே பார்த்து வைக்க வேண்டும். ஆள் இருக்கிறார் என்றால் தாராளமாகப் போடலாம். முழு அமைப்பும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது. அதை மாதம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வைத்தால், பெட்டியே எரிந்தாலும் வேறொரு பெட்டியில் ஏற்றிவிடலாம். போர்ட் பெயர்கள் மட்டும் மாறியிருக்கும். மெனுவில் 1 போட்டு, எது வேன் (இன்டர்நெட் பக்கம்), எது லேன் (அலுவலகப் பக்கம்) என்று சொல்லிக் கொடுத்தால் ஓடத் தொடங்கும். பெட்டி வாங்கும்போது ரியல்டெக் சிப் உள்ள போர்ட்டைத் தவிர்த்து, இன்டெல் போர்ட் உள்ளதாகப் பாருங்கள்.